மஹல்லாவின் குறைகளும் இளைஞர்களின் பொறுப்பும்

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் முதலில் நினைவூட்டிக் கொள்கிறேன்.

நம் மஹல்லாக்களில் இளைஞர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் குறை கூறுவதாகவே முடிகின்றது. தெருமுனையில் நிற்கிறார்கள், இரவெல்லாம் செல்போனில் விழித்திருக்கிறார்கள், ஃபஜ்ருக்கு வருவதில்லை என்கிறோம். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர்களிடம் நாம் எந்த வேலையை ஒப்படைத்தோம் என்று நம்மை நாமே கேட்டுக் கொண்டதுண்டா? பந்தி பரிமாறவும் நாற்காலி அடுக்கவும் மட்டுமே அவர்களை அழைக்கின்றோம். ஆலோசனை என்று வந்துவிட்டால், "சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்?" என்று வாயை அடைத்து விடுகின்றோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமைக் காலத்தில் மக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். யமன் நாட்டின் ஜபீத் பகுதியிலிருந்து ஒரு வணிகர் சரக்குடன் மக்கா வந்தார். குறைஷித் தலைவர்களில் ஒருவரான ஆஸ் பின் வாயில் அந்தச் சரக்கை வாங்கிக் கொண்டு விலையைக் கொடுக்க மறுத்தார். வணிகர் வெளியூர்க்காரர், அவருக்குக் கோத்திர பலம் இல்லை. பெரியவர்கள் பலரிடம் முறையிட்டும் பயனில்லை. இறுதியில் அவர் அபூகுபைஸ் மலை மீதேறி, கஃபாவைச் சுற்றி அமர்ந்திருந்த குறைஷியரை நோக்கி உரக்கக் குரல் எழுப்பினார். நபியவர்களின் தந்தையுடைய சகோதரர் ஸுபைர் பின் அப்துல் முத்தலிப் முன்முயற்சி எடுக்க, சில குலத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் கூடினர். அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும் உரிமை திரும்பக் கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். நேராக ஆஸிடம் சென்று சரக்கை மீட்டு வணிகரிடம் ஒப்படைத்தனர். இதுவே 'ஹில்ஃபுல் ஃபுளூல்'. அந்த அவையில் அமர்ந்திருந்த நபியவர்களுக்கு அப்போது சுமார் 20 வயது. நுபுவ்வத்திற்குப் பல ஆண்டுகள் முந்தைய நிகழ்ச்சி இது. இருந்தும் பிற்காலத்தில் அதை மகிழ்வோடு நினைவுகூர்ந்து, இஸ்லாத்திலும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் நான் இணங்குவேன் என்ற கருத்தை வெளியிட்டார்கள்.

கடைவீதியில் அன்றாடம் நிகழக்கூடிய ஒரு பாக்கித் தகராறுதான் அது. அதைத் தம் பிரச்சினையாக எடுத்துக் கொண்டோர் முன்வந்ததால்தான் தீர்ந்தது.

மதீனாவில் ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பாருங்கள். ஹிஜ்ரத்தின்போது அவர்களுக்கு ஏறத்தாழ 11 வயது. யூதர்களுடன் கடிதத் தொடர்புக்கு நம்பகமான ஆள் தேவைப்பட்டபோது, அவர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபியவர்கள் இந்தச் சிறுவரையே பணித்தார்கள். அவர் அரை மாத அளவில் கற்றுத் தேர்ந்தார். சிறுவர் என்று தட்டிக் கழிக்காமல் பொறுப்பைக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையை நம் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும்.

நம் காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 2001-2002இல் கடும் பஞ்சம். கட்டணம் செலுத்த வழியின்றிப் பள்ளியை விட்டு நின்ற வில்லியம் கம்க்வம்பா என்ற சிறுவர், ஊர் நூலகத்தில் கண்ட ஒரு நூலின் படங்களைப் பார்த்தே காற்றாலை கட்ட முனைந்தார். பழைய சைக்கிள், டிராக்டரின் விசிறி, பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றைக் குப்பையிலிருந்து பொறுக்கிச் சேர்த்தார். பைத்தியம் என்று ஊரார் நகைத்தனர். பிறகு அவருடைய வீட்டில் விளக்கெரிந்தது. அவர் முஸ்லிமல்லர், ஆயினும் படிப்பினைக்கு அது தடையல்ல.

சரி, நம் மஹல்லாவில் காற்றாலை கட்டவேண்டிய தேவையில்லை. அதைவிட எளிய, ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட வேலை ஒன்று காத்திருக்கின்றது. மழைக்காலத்தோடு வரும் டெங்குக் காய்ச்சலைச் சொல்கிறேன். 2012இல் கடையநல்லூரும் சுற்றுப்புறமும் பட்ட பாட்டை நெல்லைச் சீமையினர் மறந்திருக்க மாட்டார்கள். 2017இல் தமிழகத்தில் 20,000க்கும் மேற்பட்டோர் இக்காய்ச்சலுக்கு ஆளாயினர்.

இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதன்று. நாம் பத்திரமாகச் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில் பிறக்கின்றது. மூடாத சிமெண்டுத் தொட்டி, டிரம், மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, கொல்லையில் கைவிட்ட ஆட்டுக்கல், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவையே அதன் தொட்டில்கள். பகலில்தான் பெரும்பாலும் கடிக்கும். பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் பறந்து செல்வதுமில்லை. ஆகவே நம் தெருவில் கடிக்கும் கொசு பெரும்பாலும் நம் தெருவிலேயே வளர்ந்தது. ஒன்பது வீட்டார் சுத்தமாக இருந்து ஒரு வீட்டார் தொட்டியைத் திறந்து போட்டாலும் பத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்துண்டு. நகராட்சியார் அடிக்கும் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரிலுள்ள புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. புகை அடித்தாயிற்றென்று நிம்மதியாக உறங்குவது நம்முடைய அறியாமை.

முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் கொசு உருவாகாது. தேய்ப்பது முக்கியம், ஓரங்களில் ஒட்டியிருக்கும் முட்டை, தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஜும்ஆவுக்கு ஜும்ஆ என்று நாளைக் குறித்துக் கொண்டால் கணக்கு தவறாது.

ஈமானின் எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளில் பாதையிலிருந்து இடையூறு தரும் பொருளை அகற்றுவதும் ஒன்றென நபியவர்கள் கற்பித்தார்கள். பாதையில் கிடக்கும் முள்ளுக்கே இந்த மதிப்பென்றால், குழந்தையின் உயிரைப் பறிக்கும் கொசுவின் தொட்டிலைக் கவிழ்ப்பதற்கு என்ன மதிப்பிருக்கும்!

இளைஞர்களே, யாரும் அழைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தெருவுக்கு இருவர் வீதம் பிரிந்து கொள்ளுங்கள். மாடிகளையும் காலி மனைகளையும் நீங்கள் பாருங்கள். வீடுகளுக்குள்ளே சென்று பார்க்கும் பணியை நம் பெண் பிள்ளைகள் ஏற்கட்டும். அவர்களுக்குத் திறக்கும் கதவு உங்களுக்குத் திறக்காது. பிற சமயத்தவரின் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். அண்டை வீட்டாரின் உரிமையில் மத வேறுபாடில்லை. அதட்டிப் பேசாதீர்கள். முதியவர் தனித்திருக்கும் வீடென்றால் அறிவுரை சொல்லிவிட்டு நகராமல், நீங்களே தொட்டியைக் கழுவிக் கொடுங்கள்.

பெரியவர்களே, பெற்றோர்களே! பரீட்சை இருக்கிறதென்று இவர்களை இழுத்துப் பிடிக்காதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். தொட்டி மூடியும் தேய்ப்பானும் வாங்கும் செலவை ஜமாஅத் ஏற்க வேண்டுமென முத்தவல்லி அவர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

முதல் ஆய்வு பள்ளிவாசலிலிருந்தே தொடங்கட்டும். மேல்நிலைத் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா, ஹவ்ளில் புழு நெளிகிறதா, மையவாடியில் மண்சட்டிகளில் தண்ணீர் தேங்கியுள்ளதா என்று இன்று அஸருக்குப் பின் பார்ப்போம். வர விரும்பும் இளைஞர்கள் தொழுகை முடிந்ததும் முஅத்தினிடம் பெயர் கொடுத்துச் செல்லுங்கள்.