பரி பேணிய கை



பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் நம் இலக்கிய வட்டத்தின் விழா மேடையில், பந்தயக் குதிரை வளர்த்த ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச நான் முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சூதினை ஓர் அதிகாரம் முழுவதும் கடிந்துரைத்தவர் வள்ளுவர். அவர் மொழி பேசும் மன்றத்தில் பந்தயக் குதிரைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விடையைச் சங்க இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

புறநானூற்றின் 299ஆம் பாடலைப் பாடியவர் பொன்முடியார். அதில் இருவகைக் குதிரைகள் வருகின்றன. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூரின் தலைவன் குதிரை, உளுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது, ஓய்ந்த நடையுடையது. பெருவேந்தரின் குதிரைகளோ நெய் பெய்த உணவுண்டு, பிடரிமயிர் அழகுறக் கத்தரிக்கப்பெற்று, மாலை சூடி நின்றவை. போர்க்களத்தில் சிற்றூரான் குதிரை, கடலைப் பிளக்கும் தோணி போலப் பகைப்படையைப் பிளந்து சென்றது. நெய்யுண்ட குதிரைகள் ஒதுங்கி நின்றன. பருத்திக் காடுகளுக்கிடையே வாழும் நமக்கு அந்தச் சிற்றூரை மனக்கண்ணில் காண்பது அரிதன்று. ஆனால், அக்குதிரையை அவ்வாறு பழக்கியவர் யார்? பாடல் அதனைக் கூறவில்லை. கூறப்படாத அந்த மனிதரின் இனத்தாரைப் பற்றியதே என் பேச்சு.

பழக்கும் கை இல்லாவிடில் என்ன நேரும் என்பதையும் வரலாறு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருள் கொடுத்து இங்கே வாங்கப்பட்டதையும், பேணும் முறை அறிந்தவரும் லாடம் அடிப்பவரும் இல்லாமையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதிவைத்தார். பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம்; குதிரையறிவை வாங்க இயலாது. அது தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு வருவது.

அவ்வாறு வந்ததற்கு ஆஸ்திரேலிய நாட்டுப் பார்ட் கம்மிங்ஸ் அவர்களின் வாழ்வு ஒரு சான்று. 1927 நவம்பர் 14இல் அடிலெய்டு நகரில் பிறந்தவர். தந்தை ஜிம் கம்மிங்ஸ் குதிரைப் பயிற்சியாளர். குதிரைக் கொட்டடியே மகனுக்குப் பள்ளியாயிற்று. ஆனால் குதிரையும் வைக்கோலும் அவர் உடலுக்கு ஒவ்வாமல் மூச்சுத்திணறலைத் தந்தன. இரண்டையும் விட்டு விலகியிருக்குமாறு மருத்துவர் கூறினார். அவர் விலகவில்லை. 1950இல் தந்தை பயிற்றிய 'காமிக் கோர்ட்' என்னும் குதிரை மெல்போர்ன் கோப்பையை வென்றபோது, அதனைத் தேய்த்துக் கழுவி, கயிறு பிடித்து நடத்திய பணியாளராக நின்றவர் இந்த மகனே.

1953இல் அவர் தாமே பயிற்சியாளராக உரிமம் பெற்றார். 1965இல் அவருடைய 'லைட் ஃபிங்கர்ஸ்' மெல்போர்ன் கோப்பையை வென்றது. இரண்டாவதாக வந்ததும் அவர் கொட்டடிக் குதிரையே. 1966, 1967 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி தொடர்ந்தது. 2008 வரை அக்கோப்பையைப் பன்னிரண்டு முறை வென்றார். வேறெந்தப் பயிற்சியாளரும் அவ்வளவு வென்றதில்லை.

இதன் மறைபொருள் யாது? பொறுமையே. மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்தின் தொலைவு 3,200 மீட்டர். அதற்குமுன் அப்பருவத்துப் பந்தயங்களில் குதிரை ஏறத்தாழ 10,000 மீட்டர் ஓடியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. விரைவை அவசரத்தால் உண்டாக்க முடியாது என்பதை, விரைவையே தொழிலாகக் கொண்டவர் அறிந்திருந்தார்.

துன்பமும் வந்தது. 1980களின் இறுதியில், பங்குதாரர்களை நம்பி ஏலத்தில் பெருந்தொகைக்குக் குதிரைக் குட்டிகளை எடுத்தார். பங்குகள் விலைபோகவில்லை, 1989இல் கடன் முழுவதும் அவர் தலைமேல் விழுந்தது. செல்வம் போயிற்று, கைத்திறன் போகவில்லை. 1990, 1991 ஆகிய ஈராண்டுகளிலும் கோப்பை மீண்டும் அவரிடமே வந்தது. 1996இல் வென்ற 'செயின்ட்லி' அவரே இனம்பெருக்கி வளர்த்த குதிரை. பிறப்பு முதல் வெற்றி வரை ஒரே கையின் வளர்ப்பு அது. 2015 ஆகஸ்ட் 30இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. மகன் ஆண்டனியும் பேரன் ஜேம்ஸும் அதே தொழிலை ஏற்றவர்கள்.

அவையோரே! பணயம் வைப்போர் குடும்பங்கள் அழிந்ததை நாம் அறிவோம். அதனை நான் ஒருபோதும் ஆதரிக்கவில்லை. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும் அக்கவலையினாலேயே. ஆயினும் 1996 ஜனவரி 12இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் வாய்ப்பைச் சார்ந்ததன்று, திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் பிறப்பும் பயிற்சியும் ஓட்டுபவரின் திறனும் அத்தீர்ப்பில் எண்ணிப் பார்க்கப்பட்டன. பணயப் பலகையில் எழுதப்படும் தொகை வேறு. விடியலுக்கு முன் எழுந்து குதிரையின் காலைத் தடவிப் பார்க்கும் கை வேறு. முன்னதை வெறுப்பதற்காகப் பின்னதையும் மறந்துவிடலாகாது. 2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தயத் திடல் நிலத்தை அரசு தன்வசப்படுத்தியபோது, நிலத்தின் மதிப்பைப் பற்றியே ஊரெங்கும் பேச்சாக இருந்தது. கொட்டடியில் தலைமுறையாக உழைத்தவர்களின் அறிவுக்கு மதிப்பிட்டவர் எத்தனை பேர்?

ஓர் உயிரினத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் பொறுமை நமக்குப் புதிதன்று. இராசபாளையத்தின் பெயரையே தாங்கி உலகெங்கும் அறியப்பட்ட நாயினம் அதற்குச் சான்று. அதனை வளர்த்தவர்கள், காளைகளைப் பழக்கியவர்கள், லாடம் அடித்தவர்கள் ஆகியோர் இன்றும் நம் தெருக்களில் முதுமையுற்று வாழ்கிறார்கள். அவர்கள் அறிந்தவை எந்த நூலிலும் இல்லை. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம், அவர்களிடம் சென்று கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதிவைக்க வேண்டுமென வேண்டுகிறேன். பொன்முடியார் குதிரையைப் பாடினார். குதிரையைப் பேணிய கையை நாம் பதிவு செய்வோம்.