கோதுமை ஒவ்வாதவர்களும் நம் புன்செய்த் தானியங்களும்

(கோவை கணபதி வட்டாரத்து உழவர்கள், இல்லத்தரசிகளிடையே நிகழ்த்திய உரை)



நெல்லுக்குக் குலைநோய், கம்புக்குத் தேன்ஒழுகல் நோய் என்று பயிருக்கு வரும் நோய்களைப் பற்றிப் பல கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது, ஒரு தானியத்தால் மனிதருக்கு வரும் நோயைப் பற்றி. அந்தத் தானியம் கோதுமை.

கோதுமை நம் மண்ணின் உணவு அன்று. 1960-களில் அமெரிக்கக் கோதுமை ரேஷன் கடைகளுக்கு வந்தபோது, அதை என்ன செய்வது என்று தெரியாமல் கஞ்சி காய்ச்சிப் பார்த்தவர்கள் உண்டு. இன்று நிலைமை வேறு. கணபதியில் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் பெருகின. வட மாநிலத்து ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களோடு ரொட்டியும் வந்தது. நம் வீடுகளில் சர்க்கரை நோய் என்று சொன்ன மறுநாளே இரவுச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு ரவை உப்புமா, சேமியா, பரோட்டா, பிஸ்கட். ஒரு நாளைக்கு எத்தனை முறை கோதுமை உள்ளே போகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. சிலருக்கு மட்டும் ஒவ்வாது. ஏன் என்று பார்ப்போம்.

கோதுமை அல்வா கிண்டிய தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊறிய கோதுமையை அரைத்துப் பால் பிழிந்த பிறகு, சக்கையோடு ரப்பர் போல ஒரு பசை இழுபடும் அல்லவா? அந்தப் பசைப் புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். சப்பாத்தி மாவு பிய்யாமல் விரிவதும் பரோட்டா வீச வருவதும் இதனால்தான். கோதுமையைத் தவிர பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதன் இனத்தைச் சேர்ந்த புரதங்கள் உண்டு. சிலரது உடல் இந்தப் புரதத்தைப் பகையாக எண்ணிப் போரிடுகிறது. அந்தப் போரில் சேதமாவது அவர்களுடைய சிறுகுடல்தான். உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் முளைகள் தேய்ந்து போகின்றன. இதைச் சீலியாக் நோய் என்கிறார்கள்.

வேர் அழுகிய செடிக்கு உரம் வைத்தால் என்ன ஆகும்? அதே கதைதான். வாரம் முழுவதும் சத்தாகச் சாப்பிட்டும் பிள்ளை தேறாது, உயரம் நின்றுவிடும், வயிறு உப்பும், பேதி வந்து வந்து போகும். பெரியவர்களுக்கு வயிற்றுத் தொல்லையே இல்லாமலும் இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில் தின்றும் சோகை தீராது, எலும்பு பலவீனப்படும். இத்தகைய பிள்ளையைப் பூச்சி மருந்து கொடுத்தும், மந்திரித்தும் வருடங்களை வீணாக்குவது வழக்கமாக இருக்கிறது. வளர வேண்டிய வயது போனால் திரும்ப வராது என்பதால் இதைச் சொல்கிறேன்.

தெற்கே இந்த நோய் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில் வட இந்தியா, வடகிழக்கு, தெற்கே வேலூர்ப் பகுதி என மூன்று இடங்களில் மக்களைப் பரிசோதித்தார்கள். வடக்கே ஆயிரத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கும், வேலூர்ப் பக்கம் ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் இந்நோய் இருந்தது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவோ எல்லா இடத்திலும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இருந்தது. வித்தியாசம் எங்கே? வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். இரவில் நாலு சப்பாத்தி சாப்பிடுகிற கணபதிக்காரர் 100 கிராமைத் தாண்டிவிடுகிறார். இங்கும் இந்நோய் கூடத்தான் செய்யும் என்பது என் கணிப்பு.

விட்டுப் பார்க்கலாமா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து மருத்துவரிடம் போகிறார்கள். இந்நோய்க்கு முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை. ஐயம் இருந்தால் குழாய் விட்டுச் சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையை நிறுத்தியவருக்கு இரத்தத்தில் அடையாளம் மறைந்துவிடும். குடலும் ஆறத் தொடங்கியிருக்கும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். அப்புறம் குறைந்தது 6 வாரம் மறுபடி கோதுமை தின்று பரிசோதிக்க வேண்டிவரும். ஆகவே பரிசோதனை முதலில், பத்தியம் பிறகு.

கோதுமை தின்றால் வயிறு உப்புகிறது என்போர் எல்லோருக்கும் இந்நோய் இருக்காது. கோதுமையிலும் வெங்காயத்திலும் உள்ள ஒருவகை மாவுச்சத்து சிலருக்குச் செரிப்பதில்லை. அவர்கள் அளவைக் குறைத்தாலே போதும். தின்றவுடன் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் அது வேறுவகை ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீலியாக் நோய்க்கு மாத்திரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விடுவது ஒன்றே மருந்து.

இந்த மருந்தைக் கண்டறிந்தவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமை மீது அவருக்கு முன்பே ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்நோய்ப் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-இல் இதை அவர் ஆய்வேடாக வெளியிட்டார்.

ஒளிந்திருக்கும் கோதுமை

சப்பாத்தியை விடுவது நமக்குப் பெரிய காரியமல்ல. அரிசியும் பருப்புஞ்சாதமும் ராகிக் களியும் இருக்கும் நாட்டில் என்ன குறை? கடினம் வேறிடத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் கெடும் என்று கண்டிருக்கிறார்கள். அது அரைக் கிராம் கோதுமை மாவுக்குச் சமம். ஒரு சிட்டிகைக்குள் அடங்கிவிடும்.

முதலில் பெருங்காய டப்பாவைப் பாருங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கிறார்கள். வீட்டில் கோதுமையே இல்லை என்பார்கள். ரசத்தில் தினமும் இருக்கும். ஊறுகாய், முறுக்கு இவற்றிலும் அப்படியே. மால்ட் பானங்கள் பெரும்பாலும் முளைகட்டிய பார்லியில் செய்தவை. ராகி மால்ட் என்பது ராகி மட்டுமாக இருந்தால் ஆகும். சம்பா கோதுமை நாட்டுத் தானியம், ஒன்றும் செய்யாது என்று சொல்லக் கேட்டேன், சரியன்று. அதிலும் குளூட்டன் உண்டு.

அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் ஒருவர் 10 கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். கல்லிலும் துணிக் குழாயிலும் தங்கிய மாவு உங்கள் ராகியோடு வரும். நோயாளி வீட்டார் பொது மில்லில் அரைக்காமல் இருப்பதே நல்லது. ராகியையும் கம்பையும் ஊறவைத்து வீட்டு கிரைண்டரில் அரைத்துக் கொள்ளலாம். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம் கோவை. இதற்குக் கூட அது உதவாவிட்டால் எப்படி? சல்லடை, பூரிக்கட்டை, தோசைக்கல் இவற்றையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்குக் கோதுமைத் தவிடு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம், பாலில் குளூட்டன் இறங்காது. தவிடு கலக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுப்படிக்கு வந்தால் போதும். நோய் கண்ட புதிதில் சிலருக்குப் பாலே செரிக்காது; குடல் ஆறிய பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும்.

சோறு மட்டும் தின்று காலம் தள்ளுவதும் சரியல்ல. ராகி 100 கிராமில் சுமார் 350 மி.கி. சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கம்பில் சுமார் 6 மி.கி. இரும்புச் சத்து. சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எதிலும் குளூட்டன் இல்லை. ஊறவைத்து முளைகட்டினால் இரும்பு இன்னும் நன்றாக உடலில் சேரும். கொள்ளுப் பருப்பும் கீரைக் கடைசலும் கூடவே வேண்டும். பசை இல்லாததால் ராகி ரொட்டி விரிசல் விடும். வெந்நீர் விட்டுப் பிசைந்து, வாழையிலையில் தட்டிப் போடுங்கள். பெட்டியில் வரும் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டுக்குப் பணத்தைக் கொட்டுவது, என்னைக் கேட்டால், வீண். வாங்கத்தான் வேண்டும் என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சட்டம். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

உழவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காட்டில் கோதுமை விளைவதில்லை. களத்து மேட்டில் இருக்கும் வரை உங்கள் ராகியும் சாமையும் சுத்தம். கெடுவது அதற்குப் பிறகு. மைதா வந்த பழைய சாக்கில் தானியத்தைக் கட்டாதீர்கள். புதுச் சாக்கு வாங்குங்கள். இத்தகைய நோயாளி வீட்டார் சுத்தமான தானியத்துக்கு நல்ல விலை கொடுக்கத் தயாராகவே இருக்கிறார்கள். உழவர் குழுவாகச் சேர்ந்து சிறுதானியத்துக்கென்றே ஒரு மில் வைத்தால், கோதுமையை அதன் வாசலுக்குள் விடாதீர்கள். வாரம் ஒரு நாள் மட்டும் அரைத்துத் தருகிறோம் என்று இடம் கொடுத்தாலும் கெட்டுவிடும்.

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவர்களில் பத்தில் ஒருவருக்கு வரை இது இருக்கக்கூடும். இன்சுலின் போடும் சர்க்கரை நோய்ப் பிள்ளைகளுக்கும் இந்தப் பரிசோதனை அவசியம்.