மோட்டார் இல்லாமல் அசையும் மரம்

கட்டடப் பொருட்களில் புதியவை பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் வாசற்கதவு உப்பி, தாழ்ப்பாளுடன் மல்லுக்கட்டாதவர் நம்மில் யார்? மரம் ஈரம் குடித்தால் குறுக்குவாட்டில் பருக்கும். நீளவாட்டில் கிட்டத்தட்ட மாறாது. தச்சர்கள் இதை விரோதியாகவே பாவித்தார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் ஆகிம் மெங்கஸ் குழுவினரோ அதையே வேலை வாங்கினார்கள்.

இதற்கு வழிகாட்டி பைன் மரக்காய். அதன் செதிலில் இரண்டு அடுக்குகள். வெளி அடுக்கு ஈரத்தில் நன்றாக நீளும், உள் அடுக்கு அவ்வளவாக நீளாது. ஆகவே காய்ந்தால் செதில் வெளிப்புறம் வளைந்து விதையை விடும், நனைந்தால் மூடிக்கொள்ளும். காய் கீழே விழுந்து உயிரற்றுப் போன பிறகும் இது நடக்கிறது என்பதுதான் விசேஷம். (வெயிலில் போட்ட அப்பளம் சுருள்வதும் ஏறக்குறைய இதே கதைதான்!)

2019-ல் உர்பாக் என்ற ஊரில், ஸ்விட்சர்லாந்து நிபுணர்களுடன் சேர்ந்து 14 மீட்டர் உயர மரக் கோபுரம் ஒன்று எழுப்பினார்கள். ஸ்ப்ரூஸ் பலகைகளைத் தட்டையாக ஒட்டி உலர்த்தினார்கள். ஈரம் 22 சதவீதத்திலிருந்து 12-க்கு இறங்கும்போது பலகை தானே வளைந்தது. வளைக்க அச்சும் வேண்டாம், ராட்சத யந்திரமும் வேண்டாம். ஆனால் அந்த வளைவு ஒரு தடவையோடு சரி.

தினமும் அசைவதைப் பார்க்க ஃப்ரைபர்க் போகவேண்டும். 2023-ல் அங்கே கட்டிய ஒரு மண்டபத்தின் தெற்கு நோக்கிய கூரைச் சாளரத்தில், செல்லுலோஸ் கலந்து முப்பரிமாண அச்சில் வார்த்த 424 மடல்கள் இருக்கின்றன. குளிர்காலத்துக் காற்றில் ஒப்பு ஈரப்பதம் அதிகம். மடல்கள் சுருண்டு வெயிலை உள்ளே விடும். கோடையில் காற்று உலர்ந்தால் தட்டையாகி நிழல் தரும். மின்சாரச் செலவு பூஜ்யம்.

இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரலாமா? டில்லி அங்கத்தினர்கள் சந்தோஷப்படலாம்: மே மாதத்து உலர்ந்த வெயிலுக்கு மடல் மூடும், ஜனவரிப் பனிக்குத் திறக்கும். ஆகஸ்டு புழுக்கத்தில்தான் சங்கடம். சென்னை, மும்பைக்காரர்கள் பொறுக்கவேண்டும். கடலோரத்தில் கோடையிலும் காற்று ஈரம்தான். ஃப்ரைபர்க் மடலை மாட்டினால் வெயில் கொளுத்தும்போதும் பாதி திறந்தே கிடக்கும். அங்கே அடுக்குகளின் அமைப்பையே மாற்றி யோசிக்கவேண்டும். ஆகவே "ஸ்மார்ட் ஜன்னல்" என்று யாராவது விற்க வந்தால், எந்த ஊர்க் காற்றில் சோதித்தது என்று முதலில் கேளுங்கள்.

கட்டடக்கலை படிக்கும் நம் குழந்தைகளுக்கு ஒரு வேலை. இரண்டு மெல்லிய வெனீர் துண்டுகளை, இழை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டி, மழை படாத மொட்டைமாடி நிழலில் தொங்கவிடுங்கள். காலையிலும் மத்தியானத்திலும் வளைவை அளந்து, ஒரு வருஷம் குறித்து வையுங்கள். கொச்சிக்கும் நாக்பூருக்கும் உள்ள வித்தியாசம் கையில் கிடைத்துவிடும்.