இருளிலும் குளிரிலும் பிறக்கும் விண்மீன்



"விண்மீன் எதிலிருந்து பிறக்கிறது?" என்று கேட்டால், "நெபுலாவிலிருந்து" என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். "அந்த இடம் வெப்பமானதா, குளிரானதா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். என் எட்டாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லாக் கைகளும் வெப்பத்துக்கே உயர்ந்தன. சூரியன் கொதிக்கிறது, அது பிறந்த இடமும் கொதித்திருக்கும் என்று பிள்ளைகள் எண்ணுவது இயல்பே. உண்மையோ நேர்மாறானது.

விண்மீன்களுக்கு இடையே ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிதளவு தூசும் பரவியிருக்கின்றன. சராசரியாகக் கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு என்ற அளவில்தான். வெடித்த விண்மீனின் அதிர்வலை போன்றவை இந்த வாயுவை ஒன்றாகத் தள்ளும்போது மேகம் அடர்த்தியாகிறது. அதிலுள்ள தூசு, வெளியிலிருந்து வரும் விண்மீன் ஒளியைத் தடுக்கிறது. குடை நிழல்போல உட்பகுதி குளிர்கிறது. ஹைட்ரஜன் அணுக்கள் தூசுத் துகள்களின்மேல் ஒட்டி, இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறுகளாகின்றன. மிச்ச வெப்பத்தையும் கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகள் ரேடியோ அலைகளாக வெளியேற்றுகின்றன. முடிவில் வெப்பநிலை ஏறக்குறைய 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ்!

இந்தக் குளிர் எதற்கு? இதை விளையாட்டுத் திடலில் விளக்கலாம். அங்குமிங்கும் ஓடும் பிள்ளைகளைக் கைகோத்து நெருங்கி நிற்கச் சொல்லுங்கள், முடியாது. மெதுவாக நடப்பவர்களைச் சொல்லுங்கள், உடனே கூடிவிடுவார்கள். வாயுத் துகள்களும் அப்படியே. வெப்பம் இருந்தால் ஓடும். குளிர்ந்தால் ஈர்ப்பு விசைக்குப் பிடிபடும். பிறகு மேகத்தின் மையம் தன் எடையாலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கச் சூடேறுகிறது. ஏறத்தாழ 1 கோடி கெல்வினை எட்டும்போது அணுக்கரு இணைவு நிலைபெறுகிறது, விண்மீன் பிறந்துவிட்டது.

பர்னார்டு 68 என்ற மேகத்தின் படத்தை வகுப்பில் காட்டுங்கள். விண்மீன்கள் நிறைந்த வானத்தில் ஓட்டை விழுந்ததுபோல் கறுப்பாக இருக்கும். அதே இடத்தை அகச்சிவப்புக் கதிரில் எடுத்த படத்தில், மேகத்துக்குப் பின்னாலுள்ள விண்மீன்கள் தெரியும். வெற்றிடம் என்று தோன்றிய இடத்தில் சூரியனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நிறையுள்ள வாயு இருக்கிறது. 1947இல் பார்ட் போக் என்ற வானியலாளர், இத்தகைய கரிய உருண்டைகளில்தான் விண்மீன்கள் பிறக்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். பல உருண்டைகளுக்குள் இளம் விண்மீன்கள் இருப்பதைப் பிற்காலத்து அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் உறுதிசெய்தன.

மார்கழி, தை மாத முன்னிரவில் பிள்ளைகளைக் கிழக்கு வானம் பார்க்கச் சொல்லுங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றுக்கு வடக்கே சிவந்த திருவாதிரை. தெற்கே சற்றுத் தள்ளி மங்கலான ஒரு திட்டு. அதுதான் ஓரியன் நெபுலா, சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் பிறப்பிடம். அங்கே ஒளிர்வது, ஏற்கெனவே பிறந்துவிட்ட விண்மீன்கள் சூடேற்றிய வாயு. அதன் பின்னணியில் இருக்கும் கரிய, குளிர்ந்த மேகத்தில் இன்றும் புதியவை உருவாகின்றன.

மறுநாள் வகுப்பில் அதே கேள்வியைக் கேளுங்கள். "குளிர்தான்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஏன்?" என்றும் கேளுங்கள். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.