வணிகரும் ஆளுநரும்

(கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



வணிகத்தில் வென்றவர் நாட்டையும் நன்கு நடத்துவார் என்று சிலர் நம்புகின்றனர். வணிகர் கையில் அரசு சிக்கினால் அதனையும் விலைபேசி விடுவார் என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். எது உண்மை? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தை 1963 முதல் 1969 வரை ஆண்ட ஜோர்ஜ் றொம்னியின் வரலாற்றை எடுத்துப் பார்ப்போம். அங்கே மாநில ஆளுநர் மேலிருந்து நியமிக்கப்படுபவரல்லர். மக்கள் வாக்கினால் தெரிவு செய்யப்படுபவர் என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்.

றொம்னி 1907 இல் மெக்சிக்கோவில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1912 இல் அந்நாட்டுப் புரட்சி அக்குடும்பத்தை அகதிகளாக்கியது. பல்கலைக்கழகப் பட்டம் பெறாமலே உழைத்துயர்ந்த அவர், 1954 இல் அமெரிக்கன் மோட்டோர்ஸ் கொம்பனியின் தலைவரானார். பெருங் கொம்பனிகள் பென்னம்பெரிய கார்களைச் செய்தபோது, எரிபொருட் செலவு குறைந்த 'றாம்பிளர்' என்னும் சிறிய காரை அவர் நம்பினார். நட்டத்திற் கிடந்த கொம்பனி தலைநிமிர்ந்தது. 1960 இல் தமக்குரிய 100,000 டொலர் ஊக்கத்தொகையை வேண்டாமென மறுத்தார்.

1962 இல் குடியரசுக் கட்சியின் சார்பில் ஆளுநராகத் தெரிவானார். வரியைக் குறைப்பேனென்று சொல்லி வாக்குப் பெறுவது எளிது. அவரோ 1967 இல் மிச்சிகனின் முதலாவது மாநில வருமான வரியைச் சட்டமாக்கினார். அதே ஆண்டில் தமது பன்னிரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்குகளையும் மக்கள் முன் விரித்து வைத்தார்.

கறுப்பின மக்களுக்குக் குடியிருப்புரிமை வேண்டுமெனக் கோரி, 1963 இல் வெள்ளையரான செல்வந்தர் வாழும் குறோஸ் பொயின்ற் நகரில் ஊர்வலம் சென்றவர் இந்த ஆளுநர். 1964 இல் குடியியல் உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வோட்டரைத் தமது கட்சியே சனாதிபதி வேட்பாளராக நிறுத்தியபோது, ஆதரவளிக்க மறுத்தார். ஆயினும் 1967 யூலையில் டெற்றோயிற் நகரம் தீப்பற்றியது. 43 உயிர்கள் பலியாயின. ஒருவரின் நல்லெண்ணம் மட்டும் நெடுநாள் அநீதியைத் துடைத்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

சனாதிபதிப் பதவியை நாடிய வேளையில், வியட்நாமில் படைத் தளபதிகளும் இராசதந்திரிகளும் தமக்கு 'மூளைச்சலவை' செய்தனர் என்றார். அவ்வொரு சொல் அவரை வீழ்த்தியது. 1968 பெப்ரவரியில் போட்டியிலிருந்து விலகினார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1969 இல் நிக்சனின் அரசில் வீடமைப்பு அமைச்சரானார். வெள்ளையர் புறநகர்களைக் கறுப்பின மக்களுக்குத் திறந்துவிட முயன்றார். மிச்சிகனிலுள்ள வொறன் நகர மக்களே கொதித்தெழுந்தனர். சனாதிபதியும் கைகொடுக்கவில்லை. முயற்சி முறியடிக்கப்பட்டது, 1973 இல் பதவி துறந்தார்.

அன்பர்களே, வணிகர் பெற்ற இலாபத்தைக் கொண்டு அவருடைய திறமையை அளக்கலாம். பொதுவாழ்வில் அவ்வளவுகோல் செல்லாது. மக்களுக்காக எந்த நட்டத்தை ஏற்கத் துணிந்தார் என்பதே அங்கு கேள்வி. செல்வர் ஒருவர் உங்கள் வாசலில் வாக்குக் கேட்டு நிற்கும்போது, எவ்வளவு ஈட்டினீர் என்று கேளாதீர்கள். கணக்கேட்டைக் காட்டுவீரா, எங்களுக்காக எதை இழப்பீர் என்று கேளுங்கள்.