பதக்கத்தைவிடப் பெரிது சரீரம்

(மயிலாப்பூரில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



விளையாட்டு உலகின் உயர்ந்த பதவியில் அமர்ந்த ஒரு வைத்தியரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறோம். டாக்டர் ஜாக் ரோகே 1942-ல் பெல்ஜியம் நாட்டில் பிறந்தவர். எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். விளையாட்டு மருத்துவம் கற்பித்தவர். 1968, 1972, 1976 ஒலிம்பிக்குகளில் பாய்மரப் படகு ஓட்டியவர். 2001-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவரானார்.

அவர் தலைமையில் நடந்த முதல் ஒலிம்பிக், 2002-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக். அங்கே அவர் வீரர்களின் குடியிருப்பிலேயே தங்கினார். அந்தப் போட்டியில் பனிச்சறுக்கு ஓட்டக்காரர் மூவர் டார்பெபொயட்டின் என்ற மருந்தை ஏற்றிக்கொண்டது பரிசோதனையில் தெரியவந்தது. பதக்கங்களையும் பின்னர் இழந்தார்கள். அது சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்குத் தரப்படும் மருந்து. சிவப்பணுக்களைப் பெருக்கும், ஓடுகிறவனுக்குக் களைப்புத் தெரியாது. ஆனால் இரத்தம் கெட்டியாகி, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழியாகும். நோயாளியை எழுப்பி நிறுத்தும் மருந்தே ஆரோக்கியமானவரை வீழ்த்திவிடக்கூடும்!

2010-ல் இன்னும் பெரிய துக்கம் நேர்ந்தது. கனடாவில் வான்கூவர் ஒலிம்பிக் தொடக்க நாளன்று, பனிப்பாதையில் சறுக்குவண்டிப் பயிற்சி செய்த ஜார்ஜியா நாட்டு வாலிபர் நோடார் குமாரித்தாஷ்விலி தூக்கியெறியப்பட்டு மரித்தார். வயது 21. அதன்பின் வேகத்தைக் குறைக்க, ஆண்கள் புறப்படும் இடத்தைக் கீழே இறக்கினார்கள். நம் இந்தியாவின் சிவ கேசவனும் அதே பாதையில்தான் போட்டியிட்டார். தலைமையில் ஒரு வைத்தியரே இருந்தும், பாதையைக் குறுக்கும் முடிவு ஒரு மரணத்துக்குப் பிறகே வந்தது. காக்கும் காரியத்தைப் பிந்திச் செய்யலாகாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

பதின்வயதினருக்காக ரோகே தொடங்கிய இளையோர் ஒலிம்பிக்கின் முதல் குளிர்காலப் போட்டி 2012-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் நடந்தது. 2013-ல் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற அவர், 2021-ல் காலமானார்.

பனி இல்லாத நம் சென்னையிலும் இதே சோதனை உண்டு. அடையாறிலும் தி. நகரிலும் உங்கள் பிள்ளைகள் கிரிக்கெட்டும் கூடைப்பந்தும் ஆடுகிறார்கள். முழங்கால் வீங்கியிருக்கும்போது, "நாளைக்கு மேட்ச், வலிக்கு ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வலி சரீரம் தரும் எச்சரிக்கை. ஊசி அதை மறைக்குமே தவிர, கிழிந்த தசைநாரைச் சேர்க்காது. ஓய்வும், பிசியோதெரபி பயிற்சியும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். மேட்ச் அடுத்த வருஷமும் வரும். முழங்கால் ஆயுசுக்கும் வேண்டும்.