பீடியை விட்டா உடம்பு ஊதிடுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரை படிச்சவ. எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னா நாலு பேருக்கு உதவும்னு பேச வந்தேன்.

எங்க வீட்டுக்காரர் கொத்தனார். பதினெட்டு வயசுல பிடிச்ச பீடி. சாரம் ஏறினா மூச்சு இளைக்கும், ராத்திரி பூரா இருமல். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை விட்டார். நாலு மாசத்துல ஆறு கிலோ ஏறிடுச்சு, சர்க்கரையும் காட்டிடுச்சு. "பீடி குடிச்சப்ப உடம்பு கச்சிதமா இருந்துச்சு"ன்னு திரும்பவும் எடுத்துட்டார்.

நர்சம்மாகிட்ட கேட்டேன். பீடியில இருக்கிற நிக்கோடின் பசியை அடக்குமாம். விட்டதும் பசியும் வரும், நாக்குக்கு ருசியும் வரும். கையும் வாயும் சும்மா இருக்காது. அதனால முதல் வருஷத்துல நாலஞ்சு கிலோ ஏறுறது சகஜம். ஆனா அந்த எடையை விட பீடி செய்யுற கெடுதல் பெரிசுன்னு சொன்னாங்க.

அதனால ரெண்டாவது தடவை, போன தை மாசம், முன்கூட்டியே திட்டம் போட்டோம். மிக்சர், பிஸ்கட், மிட்டாய் வீட்டுல வாங்குறதில்ல. வேலைக்குப் போகும்போது டப்பாவுல வெள்ளரி, கேரட், நெல்லிக்காய் வெட்டிக் கொடுத்தேன். சட்டைப் பையில கொஞ்சம் சீரகம். டீ குடிச்சாலே பீடி ஞாபகம் வரும், அதனால அஞ்சு டீ ரெண்டாச்சு, அதுவும் சர்க்கரை இல்லாம. மத்த நேரம் நீர்மோர். பட்டினி போடல. சோறு ஒரு கரண்டி குறைச்சு, கீரையும் பயறும் கூட்டினேன். "பீடி குடிச்சாதான் காலையில வெளிக்குப் போகும்"னு சொல்லுவார். கீரையும் தண்ணியும் அதையும் சரி பண்ணிடுச்சு.

முதல் வாரம்தான் கஷ்டம். சிடுசிடுன்னு விழுவார். நான் பதில் பேசல. ஆசை வந்தா சில நிமிஷத்துல அடங்கிடும், அதுவரைக்கும் தண்ணி குடிங்க, எந்திரிச்சு நடங்கன்னு மட்டும் சொல்வேன். ராத்திரி சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் கண்மாய்க்கரை வரை நடந்துட்டு வருவோம்.

விடும்போது 68 கிலோ. ரெண்டாம் மாசம் 70. இப்ப பத்து மாசம் ஆச்சு, 69. இருமல் இல்ல. பீடிக்கும் டீக்கும் போன 40 ரூபாய் தினமும் மிச்சம். மாசம் 1200. அதுல பாதியை விருப்பச் சேமிப்பா குழுவுல போடுறேன்.

சகோதரிகளே, பீடிக்குப் பதிலா புகையிலைன்னு போனா அதுலயும் அதே நிக்கோடின்தான். சுருக்குப் பையில புகையிலை வச்சிருக்கிற நம்ம அக்காக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு விடுங்க. 1800-11-2356ங்கிற எண்ணுக்குக் காசில்லாம பேசி யோசனை கேக்கலாம். ஒரு தடவை விட்டுத் திரும்ப எடுத்தவங்களும் மறுபடி விடலாம், எங்க வீட்டுல அப்படித்தான் நடந்துச்சு.